சங்கிலியை விட்டுவிட்டுப் போன பூங்கா

ஊரடங்கின் நாற்பத்தோராம் நாள் மதியம் இரண்டு மணிக்கு மேல் நகராட்சியின் ஏழாம் எண் பூங்கா தன் இடத்தை விட்டுக் கிளம்பிப் போனது. அன்று முகக்கவசத்தின் விலை இரண்டு மடங்காகியிருந்தது. வெங்காயம் சற்று இறங்கியிருந்தது. பூங்கா நின்ற இடத்தில் இருபத்து மூன்று மரங்கள் இல்லை, நான்கு பெஞ்சுகள் இல்லை, விளக்குக் கம்பமும் சறுக்குமரமும் தண்ணீர் வராத நீரூற்றும் இல்லை. கூட்டிப் பெருக்கிய மாதிரி வெறும் தரை இருந்தது. கதவு இருந்த இடத்தில் இரும்புச் சங்கிலி வட்டமாகக் கிடந்தது. அதன் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

இதை ஐந்து மணிக்கு வந்து பார்த்தவர் பூட்டுக்காரர். நகராட்சியில் அவருக்கு வேறு பதவிப் பெயர் உண்டு, ஆனால் முப்பத்தோரு வருடமாக ஆறு பூங்காக்களைக் காலையில் திறந்து மாலையில் பூட்டியதில் அந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. எதைப் பூட்டினாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தன் வீட்டுக் கதவு, அடுத்தவர் வீட்டுக் கதவு, வங்கியின் ஷட்டர் எதுவானாலும் மூன்று இழுப்பு. கல்யாணமான புதிதில் மனைவியின் கழுத்துச் சங்கிலிக் கொக்கியையும் அப்படி இழுத்துப் பார்த்து, மூன்றாவது இழுப்பில் அறுத்திருக்கிறார். இப்போது மேலிடத்து உத்தரவு எல்லாப் பூங்காக்களும் நாள் முழுதும் பூட்டியே இருக்க வேண்டும் என்றது. அவர் வேலை, காலை பதினோரு மணிக்கு ஒரு தடவையும் மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவையும் சைக்கிளில் போய் ஆறு பூட்டுகளையும் மூன்று மூன்று முறை இழுத்துப் பார்த்துப் பதிவேட்டில் ‘பூட்டப்பட்டுள்ளது’ என்று எழுதுவது. அந்த வார்த்தையை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை எழுதினார். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

பூட்டுகளைக் காப்பது அவ்வளவு லேசாக இல்லை. நாற்பது நாள் ஒரே கூரையின் கீழ் அடைந்து கிடந்ததில், உயிருக்குயிரான தம்பதிகள்கூட ஒருவர் மெல்லும் சத்தத்தை இன்னொருவர் தாங்க முடியாத நிலைக்கு வந்திருந்தார்கள். ஊரே ஓர் அமைதியான மூலைக்காக அலைந்தது. இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் நான்காம் எண் பூங்காவின் புதருக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தார். தீயணைப்பு நிலையத்தின் பின்புறம் மூன்று கணவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததையும், சாலை நடுவே இருக்கும் ரவுண்டானாவில் ஒரு பேராசிரியை கண்ணை மூடி நின்றதையும் காவலர்கள் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். “வீட்டுக்கா? அதுக்கு ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க சார்” என்று அந்தக் கணவர்களில் ஒருவர் கெஞ்சியதாகப் பேச்சு.

பூட்டுக்காரரின் வீட்டில் விஷயம் வேறு. அவர் மனைவி டிரில் டீச்சர். இருபத்தாறு வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவர். அவர் ஊதினால் பிள்ளைகள் மட்டுமல்ல, மைதானத்து வேலிக்கு அப்பால் போகிற சைக்கிள்காரரும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார். அந்த டீச்சர் காய்ச்சலில் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த பதினோரு தப்படியை இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் கடந்தார். தலையணைக்கடியில் வைத்திருந்த விசிலை எடுத்து ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. அதுவும் கடன் கேட்டு வந்த காற்று மாதிரி வந்தது.

போனில் மட்டுமே பேசுகிற டாக்டர் ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். “வீட்டுக்குள்ள நடக்கறது நடையே இல்லம்மா, அது சுவத்துல முட்டிக்கறது. மரத்தடியில, காத்து ஓடற இடத்துல நடங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. மூணு மாசத்துக்குள்ள நுரையீரல் விரிஞ்சாத்தான் உண்டு. இல்லேன்னா மீதிக் காலம் கட்டிலும் நாற்காலியும்தான்.” டீச்சர் அன்றிரவே காலண்டரில் கட்டம் போட்டுவிட்டார், எந்த நாள் எத்தனை தப்படி என்று. பிறகு புருஷனிடம் கேட்டார்.

“உங்க கையில ஆறு பூங்கா சாவி இருக்கு. ஒண்ணே ஒண்ண அரை மணி நேரம் திறந்து விட்டா வானமா இடிஞ்சு விழுந்துடும்?”

“உனக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும்.”

“நான் என்ன ஊருக்கா கழுத்த நீட்டினேன்? உங்களுக்குத்தானே நீட்டினேன்!”

பூட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டார். பக்கத்து வார்டில் ஒரு காவலாளி தன் தம்பிக்காக மைதானத்தைத் திறந்து விட்டு வேலை இழந்திருந்தார். அது மட்டும் காரணமல்ல. முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் கை பூட்டிய பூட்டை நேரம் தவறித் திறந்ததில்லை. அந்த ஒரு பெருமையைத் தவிர அவரிடம் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் மதியம்தான் பூங்கா கிளம்பிப் போனது.

எதிர்க் கட்டடத்துக் காவலாளியை அவர் விசாரித்தார். “ரெண்டு மணி வரைக்கும் இருந்துச்சுங்க. சும்மா கண்ண மூடித் திறந்தேன், காணோம்” என்றார் அவர். எவ்வளவு நேரம் மூடியிருந்தாய் என்று கேட்டதற்கு, மூன்று மணி நேரம் இருக்கும் என்றார். பூட்டுக்காரர் சங்கிலியைத் திறந்து தோளில் போட்டுக்கொண்டு, மாட்டைத் தொலைத்தவன் கயிறோடு அலைகிற மாதிரி தெருத்தெருவாகச் சைக்கிள் மிதித்தார். எங்கும் இல்லை. இருட்டும் நேரத்தில் சோர்ந்துபோய் வீட்டுக்குத் திரும்பியபோது, தங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிச் சந்துக்குள், ஒரு ஸ்கூட்டர் நுழைந்தால் இன்னொரு ஸ்கூட்டர் திரும்ப முடியாத அந்த இடுக்கில், ஏழாம் எண் பூங்கா நின்றது. இருபத்து மூன்று மரமும் அதற்குள் எப்படி அடங்கியது என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். ரயிலில் ஒரு சீட்டில் ஒரு குடும்பம் அடங்கவில்லையா, அப்படித்தான் அடங்கியிருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. முதல் பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க. மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துங்க. வாசல்லேருந்து சரியா நாப்பது ஸ்டெப். இன்னைக்கு என் கணக்கும் நாப்பதுதான்” என்றார்.

“இத யாரு இங்க கொண்டுவந்தது?”

“நானா தூக்கிட்டு வந்தேன்? ஒரு டம்ளர் தண்ணியத் தூக்க முடியல எனக்கு.”

அவர் மனைவியை எழுப்பி வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார். சங்கிலியைப் போட்டுப் பூட்டினார். மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் சங்கிலி சந்தில் கிடந்தது, பூங்கா மூடிக் கிடந்த அச்சகத்துக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் இடையே போய் நின்றது. அதற்கடுத்த நாள் பழைய பேப்பர் கிடங்கின் பின்புறம். அப்புறம் நிறுத்தப்பட்ட பேருந்துகளின் நடுவே. பிறகு, கட்டி முடிக்காத திருமண மண்டபத்தின் மேடையில். எங்கே போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. எங்கே போய்த் தேடினாலும் உள்ளே டீச்சர் இருந்தார். இருபத்தைந்து வருடமாக அதே தெருவில் குடியிருந்தும் கிடங்கின் பின்னால் இவ்வளவு காற்று வருமென்று தனக்குத் தெரியாது என்றும், பல் ஆஸ்பத்திரிச் சுவரோரம் மாலை வெயில் நன்றாக இருக்கிறது என்றும் அவர் புருஷனிடம் சொன்னார். பூட்டுக்காரர் வெயிலைப் பற்றிக் கேட்கிற நிலையில் இல்லை.

உதவிப் பொறியாளருக்குப் போன் செய்து சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. நேரில் வந்து பார்த்த பிறகு நம்பினார், நம்பியதும் கோபப்பட்டார். “ஆறு பூங்காவுல அஞ்சு ஒழுங்கா நிக்குது. உங்க வீட்டுக்குப் பக்கத்துல வர்றது மட்டும் எப்படிய்யா ஓடுது?” என்று கேட்டார். தன் பொறுப்பில் உள்ள பூங்கா முன் அனுமதியின்றி இடம் பெயர்ந்ததற்கு மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று மெமோ வந்தது. பூட்டுக்காரர் விளக்கம் எழுதினார்: ‘பூட்டப்பட்டிருந்தது’. தடிமனான சங்கிலி வந்தது, பூங்கா அதையும் கழற்றிப் போட்டது. வாசலில் சிமென்ட் தூண் ஊன்றி அதில் கட்டினார்கள், மறுநாள் தூண் மட்டும் சங்கிலியைக் கட்டிக்கொண்டு நின்றது. கதவில் அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரை உடையாமல் பழைய இடத்தில் காற்றில் தொங்கியது. மூலையில் நின்ற காவலர், ஊரடங்கு நேரத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாடியதாகப் பூங்காவின் பேரில் ஒரு வழக்கு எழுதி, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் அதையும் பூட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. பெயர்: ஏழாம் எண் பூங்கா. வயது: நாற்பத்து நான்கு. உடன் செல்பவர்: பூட்டுக்காரர். பயணத்தின் காரணம் என்ற இடத்தில் திருமணம், மரணம், மருத்துவம் என்று மூன்றே கட்டங்கள் இருந்தன; மற்ற இரண்டும் பொருந்தாததால் மூன்றாவதில் டிக் அடித்தார். புகைப்படம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நீரூற்று நேராகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பியதும் சீட்டு கிடைத்தது. “பூங்காவுக்குப் பாஸ் கிடைச்சிடுச்சு. எங்க அண்ணன் சாவுக்குப் போக எனக்குக் கிடைக்கல” என்று கீழ்வீட்டுத் தையல்காரர் சொன்னார். பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு படியேறினார்.

அந்தத் தையல்காரர்தான் விஷயத்தையும் போட்டு உடைத்தார். நாள் முழுதும் முகக்கவசம் தைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

“உங்க வீட்டம்மா அன்னைக்கு எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ, அவ்வளவு தூரத்துல வந்து அது நிக்குது. நாப்பது, அம்பத்தஞ்சு, எழுபது, தொண்ணூறு. தெருவுல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்க ஒருத்தர்தான் சங்கிலியத் தூக்கிட்டு அலையறீங்க.”

“பூங்காவுக்குக் காலண்டர் படிக்கத் தெரியுமா?”

“அது எனக்கெதுக்கு? எனக்குக் கணக்கு சரியா வருது.”

பூட்டுக்காரர் நம்பவில்லை. நம்பினால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பூங்கா ஓடத் தொடங்கிய பதினேழாம் நாள் காலையில் பொறியாளர் புதுப் பூட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார், அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற பித்தளைப் பூட்டு, சாவி தனியாகக் காகிதத்தில் சுற்றியது. கூடவே ஒரு செய்தி: இன்று மாலை ஐந்து மணிக்கு நேரில் வருகிறேன், அப்போது பூங்கா பூட்டியிருக்காவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு, பதினான்கு மாதம் இருக்கையில், ஓடிப்போன பூங்காவுக்காக வீட்டுக்கு அனுப்பப்படுவதா என்று அவருக்குத் தலை சூடேறியது. சைக்கிளை மிதித்துக்கொண்டே யோசித்தபோது ஒன்று உறைத்தது. வெளியே நின்று பூட்டுவதால்தானே பூங்கா சங்கிலியை வெளியே விட்டுவிட்டுப் போகிறது? உள்ளே நின்று பூட்டினால்?

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். அந்த வீட்டில் வெளியிலிருந்து வருகிற எதுவும் சோப்புத் தண்ணீர்ப் பேசினில் கால் மணி நேரம் ஊறாமல் நடமாட முடியாது. நோயாளியாகக் கட்டிலில் இருந்தபடியே டீச்சர் போட்ட சட்டம் அது. சில்லறை, செல்போன் உறை, சாவி, எதுவும் தப்பாது. கோர்த்தபடி போட்டால் இடுக்கில் கிருமி ஒளிந்துகொள்ளும் என்பதால் சாவிகளை வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட வேண்டும். பூட்டுக்காரர் பழைய சாவிகள் ஆறையும் புதுப் பூட்டையும் அதன் சாவியையும் போட்டார். சாப்பிட்டு எழுந்து பூட்டைத் துடைத்தார், ஆறு சாவிகளை எண்ணி எடுத்தார். முப்பத்தோரு வருடமாக ஆறுதான் எண்ணிப் பழக்கம். ஏழாவது பேசினிலேயே கிடந்தது.

ஒன்றே முக்காலுக்குப் பூங்காவுக்குப் போனார். அது முந்தின நாள் வந்து நின்ற நூலகத்தின் பின்புறத்திலேயே இருந்தது. பழைய பூட்டைத் திறந்து உள்ளே போய், கதவை இழுத்துச் சாத்தி, சங்கிலியை உட்புறமாகச் சுற்றிப் புதுப் பூட்டை அமுக்கினார். ‘டக்’ என்று அது விழுந்த சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து, “இப்ப போ பாக்கலாம்” என்றார்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பூங்கா கிளம்பியது. பேருந்து புறப்படும்போது வருகிற மாதிரி ஒரு சின்ன உலுக்கல். மரங்கள் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. சறுக்குமரம் கிறீச்சிட்டது. கம்பிகளுக்கு வெளியே இறக்கிவிட்ட கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின: முடிவெட்டும் கடை, கண்ணாடிக் கடை, மருந்துக் கடை. மருந்துக் கடைக்காரர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மாத்திரை எண்ணத் தொடங்கினார். நேரான ஒரு தெருவின் கோடியில் பூங்கா நின்றபோது, மறு கோடியில் பூட்டுக்காரரின் சொந்தக் கட்டட வாசல் தெரிந்தது. நான்கு மணிவரை அவர் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு அடித்ததும் அதிலிருந்து அவர் மனைவி வெளியே வந்து, கழுத்தில் விசிலோடு, உதடு அசைய எண்ணிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டாவது தப்படியில் அவர் கை பூங்காவின் கதவைத் தொட்டது. காலண்டரில் அன்றைய கட்டத்தில் இருந்ததும் அதே எண்தான். பூட்டுக்காரருக்கு இப்போது நம்பாமலிருக்க வழியில்லை.

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மூச்சு, கிழிந்த துருத்தி மாதிரி வந்தது. அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தே தீர வேண்டும்; அதுதான் தினசரி வழக்கம். பெஞ்சு உள்ளே இருந்தது.

“திறங்க.”

பூட்டுக்காரர் பையைத் துழாவினார். ஆறு சாவி வந்தது. ஏழாவது வரவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

“எங்க?”

“பேசின்ல கிடக்கு.”

“உள்ளே உக்காந்துக்கிட்டு, சாவிய வீட்ல வெச்சுட்டு, யாராவது பூட்டுவாங்களா?”

“நீதானே ஊற வைக்கச் சொன்னே!”

“ஊற வைக்கத்தான் சொன்னேன், ஊறுகாயா போடச் சொன்னேன்?” என்றவர், அந்த வாக்கியத்துக்குச் செலவான மூச்சைத் திரும்பப் பிடிக்க ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

பூட்டுக்காரர் தையல்காரருக்குப் போன் செய்தார். மெஷின் ஓடுகிற நேரத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. பதினோரு முறை அடித்து ஓய்ந்தது. மருந்துக் கடைக்காரரைக் கத்திக் கூப்பிட்டார். பூங்கா அந்தக் கடையைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டிருந்தது, அவருக்கும் கேட்கவில்லை. கதவில் ஏறிப் பார்த்தார். தொந்தி கம்பிக்கு இந்தப் பக்கமும் கால்சட்டையின் ஒரு பகுதி கம்பியின் முனையிலுமாக நின்றுபோனார். “இறங்குங்க. இருக்கிறதே அந்த ஒரு நல்ல பேன்ட்டு” என்றார் டீச்சர். பிறகு நிமிர்ந்தார், திரும்பினார். வந்த வழியே நடக்க ஆரம்பித்தார்.

“வேணாம்! அங்கயே உக்காரு! ரோட்லயே உக்காரு!” என்று இவர் கத்தினார். அவர் திரும்பாமல், மைதானத்தில் சேட்டை செய்கிற பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி, கையை மட்டும் ஒரு தரம் உயர்த்திக் காட்டினார்.

டீச்சர் மூன்று இடத்தில் நின்றார். கண்ணாடிக் கடைப் படியில் உட்கார்ந்தபோது நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் பூட்டுக்காரர் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மூன்று முறை அல்ல, முப்பது முறை இழுத்தார். அவர் பூட்டியது, ஆகவே அசையவில்லை. ஒரு பூட்டு நன்றாகப் பூட்டியிருக்கிறதே என்று அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அழுதது அன்றுதான். பிறகு பூங்காவிடம் பேசிப் பார்த்தார். “இத்தனை நாளா கூப்பிடாமலே ஓடினியே, இப்ப ஒரு நூறு அடி முன்னால போனா என்ன குறைஞ்சு போயிடுவ?” என்றார். கெஞ்சினார், திட்டினார், விளக்குக் கம்பத்தைக் காலால் உதைத்துப் பெருவிரலைப் பெயர்த்துக்கொண்டார். பூங்கா அசையவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அந்தப் போன் டாக்டரைப் போலப் பிடிவாதமாக நின்றது.

டீச்சர் கட்டட வாசலுக்குள் மறைந்து பத்து நிமிடமாயிற்று. பதினைந்தும் ஆயிற்று. பூட்டுக்காரர் ஆறு சாவிகளையும் ஒவ்வொன்றாகப் புதுப் பூட்டில் போட்டுப் பார்த்துவிட்டார். இருபதாவது நிமிடம் வாசலில் டீச்சர் தெரிந்தார். கையை முன்னால் நீட்டிப் பிடித்தபடி, அவசரமில்லாமல், ஒவ்வொரு தப்படியையும் உதட்டால் எண்ணிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கண்ணாடிக் கடைப் படியில் உட்காரவில்லை, அதன் ஷட்டரில் ஒரு நிமிடம் கை வைத்து நின்றதோடு சரி. கதவுக்கு வந்து கம்பி வழியே சாவியைக் கொடுத்தபோது அதில் சோப்பு நுரை இருந்தது.

“தொள்ளாயிரத்து முப்பத்தாறு” என்றார்.

பூட்டு திறந்தது. டீச்சர் உள்ளே வந்து பெஞ்சில் விழுந்தார். பேச மூச்சில்லாததால், புருஷனைத் திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து விசிலை வாயில் வைத்து ஊதினார். மெலிதாக, நடுங்கி, ஆனால் விசில் சத்தமாகவே வந்தது. பூட்டுக்காரர் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார்.

ஐந்து மணிக்குப் பொறியாளர் வந்தபோது கதவு சாத்தியிருந்தது, சங்கிலி உட்புறமாகச் சுற்றியிருந்தது, பூட்டு பூட்டியிருந்தது, உள்ளே கணவனும் மனைவியும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் வெளியிலிருந்து கம்பி வழியே கையை விட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

“பூட்டியிருக்குங்க சார்.”

“உள்ள ரெண்டு பேர் இருக்கீங்க.”

“பூட்டியிருக்கணும்னுதான் உத்தரவு சார். நான் எந்தப் பக்கம் நிக்கணும்னு அதுல போடல.”

பொறியாளர் உத்தரவைச் செல்போனில் தேடி எடுத்து, வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தார். வீட்டில் அவருக்கு இரண்டு குழந்தைகளும் ஓர் ஆன்லைன் வகுப்பும் மாமனாரும் காத்திருந்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் அங்கேயே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பூட்டுக்காரர் தேடிப் போகவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டு, எந்தத் திசையென்று தையல்காரரைக் கேட்டுக்கொண்டு, மனைவியோடு நடந்தார். புதுச் சாவி கழுத்தில் கயிற்றில் தொங்கியது. டீச்சர் கயிற்றையும் ஊற வைத்தார். உள்ளே போனதும் பூட்டிக்கொள்வார், ஐந்து மணிக்கு வெளியே வந்து பூட்டுவார், இரண்டு பக்கமும் மூன்று மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பதிவேட்டில் பொய் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் பூங்கா தொள்ளாயிரத்து முப்பத்தாறில் நின்றது. அடுத்த வாரம் ஆயிரத்து முந்நூறில். ஊரடங்கின் எண்பத்தெட்டாம் நாள் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பதாவது தப்படியில் டீச்சர் தலை தூக்கிப் பார்த்தபோது, அது பூங்காவின் பழைய சொந்த இடமாக இருந்தது. எதிர்க் கட்டடத்துக் காவலாளி கண்ணைத் திறந்து, “இங்கதானே இருந்துச்சு, எங்கயும் போகலயே” என்றார். ஊரடங்கு தளர்ந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான்.

வருடங்கள் போயின. பள்ளிகள் திறந்தன, டீச்சர் மறுபடி மைதானத்தில் விசில் ஊதினார். ஏழாம் எண் பூங்காவுக்கு மட்டும் பழக்கம் விடவில்லை. பிரசவம் கஷ்டமாகிப் படுத்த ஒரு பெண்ணின் தெருவில் ஒரு மாதம் இருந்தது. தையல்காரருக்கு முதுகு பிடித்தபோது கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்தில் வந்து நின்றது. உதவிப் பொறியாளருக்கு மாரடைப்பு வந்து திரும்பியபோது அவர் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் எட்டு நாள் நின்றது. அவர் அதற்கு மெமோ கொடுக்கவில்லை. நகராட்சி வரைபடத்தில் அதைப் பென்சிலால்தான் குறிக்கிறார்கள். ‘பூங்காவுக்கு மிக அருகில்’ என்று வாடகை விளம்பரம் கொடுக்கக் கூடாதென்று ஓர் உத்தரவு இருக்கிறது. காலையில் நடக்கப் போகிறவர்கள் வெறும் தரையைப் பார்த்தால், யாருக்கு உடம்பு சரியில்லையோ என்று ‘ச்’ கொட்டிவிட்டு ஆறாம் எண் பூங்காவுக்குப் போய்விடுவார்கள்.

ஓய்வு பெற்று ஆறாம் வருடம் பூட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நடக்கச் சொல்லி யார் வந்தாலும் எரிந்து விழுந்தார். நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டுக்குள் ஒரு சின்ன உலுக்கல் தெரிந்தது. மாத்திரைப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதின. எங்கோ சறுக்குமரம் கிறீச்சிட்டது. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். கட்டிலிலிருந்து பதினோரு தப்படியில், குளியலறைக் கதவு இருக்க வேண்டிய இடத்தில், வண்ணம் உதிர்ந்த இரும்புக் கதவு திறந்திருந்தது. அதற்குள் மரங்கள் தெரிந்தன.

“வந்துடுச்சா சனியன்?” என்றார்.

“வந்து கால் மணி நேரமாச்சு. பதினோரு ஸ்டெப்தான். எழுந்திருங்க.”

“எனக்கு முடியாது.”

“உங்களுக்காக அது இவ்வளவு தூரம் வந்திருக்கு. நீங்க அதுக்காகப் பதினோரு ஸ்டெப் போகக் கூடாதா?”

“இத்தனை வருஷம் நான் அது பின்னால நடக்கலயா? போதும், போகச் சொல்லு.”

டீச்சர் கழுத்திலிருந்த விசிலை எடுத்து, முழு நெஞ்சையும் நிரப்பி, ஒரு ஊது ஊதினார். கீழ்வீட்டில் தையல் மெஷின் நின்றது. தெருவில் போன சைக்கிள்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூட்டுக்காரர் முனகிக்கொண்டே காலைக் கீழே இறக்கி, செருப்பைக் கேட்டார்.